வாரத்துக்கு எட்டு காட்சி

பாட்டும் நடனமும் நடிப்பும் சேர்ந்த மேடைக்கலையான மியூசிக்கல் தியேட்டர் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எனக்குக் குரல் இருக்கா?" என்பதுதான். கூட வரும் பெற்றோரின் கேள்வி வேறு. "இதுக்குப் போய் நாலு வருஷம் காலேஜ் எதுக்கும்மா? பாட்டு கிளாஸ், டான்ஸ் கிளாஸ் போனா போதாதா?" முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அதிக நேரம் பிடிக்காது. நாலு வரி பாடச் சொன்னாலே தெரிந்துவிடும். பெற்றோரின் கேள்விக்குத்தான் நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகவே இந்தப் பதிவு.

நான் இந்தப் படிப்பைப் படித்தவள். சில ஆண்டுகள் குழுவில் ஒருத்தியாக ஆடிப் பாடினேன். இப்போது கல்லூரி ஆடிஷனுக்குப் போகிறவர்களைத் தயார்செய்கிறேன். என் பதில் எட்டு என்ற எண்ணில் இருக்கிறது. நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளிலும் லண்டனின் வெஸ்ட் எண்ட் அரங்குகளிலும் ஒரு மியூசிக்கல் வழக்கமாக வாரத்துக்கு எட்டு முறை மேடையேறும். ஆறு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. அந்த ஆறில் இரண்டு நாட்கள் மதியம் ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி. நல்ல குரலும் வளையும் உடம்பும் இருந்தால் ஒரு காட்சியைப் பிரமாதமாகச் செய்துவிடலாம். பள்ளி ஆண்டு விழாக்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதையே எட்டு முறை, அடுத்த வாரமும் எட்டு முறை, மூக்கடைத்துக்கொண்டு தலை பாரமாக இருக்கும் வியாழக்கிழமையிலும் செய்ய வேண்டும். அன்றுதான் முதல்முறையாக வந்து உட்கார்ந்திருப்பவருக்கு எந்தக் குறையும் தெரியக் கூடாது. இது வேறு வித்தை. தானாக வராது. கல்லூரியின் பாடத்திட்டத்தை இந்த எட்டை மனதில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு வகுப்பும் எதற்காக இருக்கிறது என்பது புரியும்.

அந்த எட்டும் யாரும் சும்மா கொடுத்ததில்லை. அமெரிக்க மேடை நடிகர்கள் 1913இல் ஆக்டர்ஸ் ஈக்விட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் ஒத்திகைக்குச் சம்பளம் கிடையாது, அது எத்தனை வாரம் இழுக்கும் என்பதற்கு வரம்பும் கிடையாது. உடைச் செலவும் பல நேரம் நடிகர் தலையில்தான். எட்டு காட்சி ஆடினால் ஒரு வார வேலை முடிந்தது, அதற்கு மேல் ஆடச் சொன்னால் தனியாகப் பணம் தர வேண்டும் என்பது, 1919 ஆகஸ்டில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. ஏறத்தாழ ஒரு மாதம் அரங்குகள் மூடிக் கிடந்தன. நடிகர்கள் ஜெயித்தார்கள். இன்று மேடைக்கு வருகிற பிள்ளை, முன்னோர் போராடி வாங்கிய ஓர் எல்லைக்குள் நின்றுதான் வேலை பார்க்கிறது. இந்த வரலாற்றை எல்லாக் கல்லூரிகளும் முதலாண்டிலேயே சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரியாத கலைஞர் எளிதாக ஏமாறுவார்.

பாட்டு, நடனம், நடிப்பு மூன்றையும் ஒரே ஆள் ஏன் கற்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு காலத்தில் பாடும் குழு தனி, ஆடும் குழு தனி. 1943இல் வந்த 'ஓக்லஹோமா!'வில் கதாநாயகி காணும் கனவு ஒரு நீண்ட பாலே நடனம். அமைத்தவர் ஆக்னஸ் டி மில். அந்தக் கனவில், பாடி நடித்த நாயகிக்குப் பதிலாக வேறொரு நடனமணி வந்து ஆடினார். கனவுதானே என்று பார்வையாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். 1957இல் ஜெரோம் ராபின்ஸ் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யை மேடையேற்றியபோது அந்த வசதி இல்லை. அதில் சண்டையே நடனம். கத்தியை எடுக்கிறவன்தான் ஆட வேண்டும், அவனே பாடவும் வேண்டும். அந்தப் பாதையில் மேடை போகப் போக, மூன்றும் தெரிந்தவர்களை எங்கே தேடுவது என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் நாடகத்துக்குப் பட்டம் தருவது 1914இலேயே, இன்று கார்னகி மெலன் என்று அழைக்கப்படும் கல்லூரியில் தொடங்கிவிட்டது. மியூசிக்கலுக்கென்று தனிப் பட்டப்படிப்பு வந்தது 1960களின் பிற்பகுதியில், சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில். மேடை முதலில் மாறியது, வகுப்பறை பின்னால் வந்தது. இன்றும் அப்படித்தான். மேடை எங்கே நிற்கிறது என்று தெரியாத ஆசிரியரிடம் படிப்பது வீண்.

குரலிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெண்களுக்குக் குரல்நாண்களின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். பியானோவின் நடுவிலுள்ள 'சி' என்ற சுரத்துக்கு அடுத்த மேல் 'சி'யைப் பாடும்போது அவை நொடிக்கு 523 முறை ஒன்றோடொன்று மோதி விலகும். அந்தச் சுரத்தை நான்கு நொடி பிடித்தால் இரண்டாயிரத்துக்கு மேல். இன்றைய மியூசிக்கல்களில் நாயகி அந்தச் சுரத்தையும் தாண்டி, பெல்ட் என்று நாங்கள் சொல்லும் முறையில் பாடுவது சாதாரணம். பேசும் குரலின் தடிமனை மேலே வரை கொண்டுபோவதுதான் பெல்ட். கேட்பவர் நெஞ்சில் நேராகப் போய் நிற்கும். ஆனால் நாண்கள் இறுக்கமாக, நீண்ட நேரம் ஒட்டியிருந்து விலகுவதால் உழைப்பு அதிகம். அதனால் மிக்ஸ் என்ற இடைப்பட்ட முறையையும் படிக்கிறோம். பெல்ட் போலவே ஒலிக்கும், சுமை குறைவு. பழைய மியூசிக்கல்களுக்கு மேற்கத்திய சாஸ்திரியப் பாணி வேண்டும், அதற்கு லெஜிட் என்று பெயர். ஒரே ஜோடி நாண்களை வைத்துக்கொண்டு இந்த மூன்றுக்கும் நடுவே காயமில்லாமல் போய்வரப் பழகவே முழுதாக இரண்டு ஆண்டுகள் பிடிக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் குரல் வகுப்பு விசித்திரமாகத் தெரியும். ஒரு தம்ளரில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஒரு ஸ்டிரா. ஸ்டிரா வழியாகத் தண்ணீரில் குமிழி விட்டபடியே கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு முனகிக்கொண்டே போக வேண்டும். வாய்ப்பக்கம் வழி குறுகுவதால் காற்றின் அழுத்தம் திரும்பி வந்து நாண்களை மெல்ல விலக்கிப் பிடிக்கிறது. அவை முட்டி மோதாமல் அதிரக் கற்றுக்கொள்கின்றன. இரண்டு காட்சிகளுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் குரலை ஆற்றிக்கொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழியில்லை. ஒத்திகையில் முழுக் குரலை இறக்காமல், உச்ச சுரங்களைக் கீழ் ஸ்தாயியில் தொட்டுவிட்டுப் போவதை மார்க்கிங் என்போம். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது கஷ்டம். எல்லோர் முன்னாலும் பாதிக் குரலில் பாட மனசு வராது. நல்ல ஆசிரியர் அதைக் கட்டாயப்படுத்துவார்.

குரல் கெட்டுப்போவதைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நாண்கள் அதிகம் மோதும் இடத்தில் சின்னச் சின்னத் தடிப்புகள் வரலாம். பெரும்பாலும் ஓய்விலும் குரல் சிகிச்சையிலும் சரியாகிவிடும். ஆனால் வெளியே தெரிந்தால் வேஷம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் பிள்ளைகள் மறைக்கிறார்கள். மறைத்துக்கொண்டே பாடுகிறார்கள். கணுக்கால் சுளுக்கினால் ஐஸ் வைத்துக் காலை நீட்டி உட்கார வைக்கிறோம். தொண்டைக்கும் அதே மரியாதை கொடுக்கும் கல்லூரியா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

நடிப்புதான் இந்தப் படிப்பின் உயிர். குரல் இருக்கிற பிள்ளைகள் பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான். மியூசிக்கலில் ஒருவர் ஏன் திடீரென்று பாட ஆரம்பிக்கிறார்? பேசி முடியாத அளவுக்கு மனசு நிறைந்துவிட்டது. பேச்சு போதவில்லை, பாடுகிறார். பாட்டும் போதாதபோது ஆடுகிறார். வகுப்பில் முதலில் மெட்டை எடுத்துவிடச் சொல்வார்கள். பாடல் வரிகளை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் ஒருவரைப் பார்த்து வெறும் பேச்சாகச் சொல்ல வேண்டும். யாரிடம் பேசுகிறாய், அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும், இதற்கு ஒரு நொடி முன்னால் என்ன நடந்தது என்று மூன்று கேள்விகள் வரும். பதில் இல்லாமல் பாடினால் ஆசிரியர் முதல் வரியிலேயே நிறுத்துவார். எத்தனை அழகாகப் பாடினாலும் நிறுத்துவார்.

பல்லவி திரும்ப வரும் இடம் இன்னும் நுட்பமானது. மூன்று முறை வரும். வார்த்தை அதேதான், மெட்டும் பெரும்பாலும் அதேதான். முதல் முறை நாயகி தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள். இரண்டாம் முறை எதிரே நிற்பவரை நம்ப வைக்கப் பார்க்கிறாள். மூன்றாம் முறை, அவர் நம்பவில்லை என்று தெரிந்த பிறகும் சொல்கிறாள். இந்த மூன்றும் தனித்தனியாக இல்லாவிட்டால், மூன்றாவது பல்லவியில் பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். வாரம் முழுக்க எட்டு முறை உயிரோடு பாட முடிவதும் இதனால்தான். உணர்ச்சியை நினைத்த நேரத்தில் வரவழைக்க முடியாது. எதிரே இருப்பவரிடமிருந்து ஒன்றைக் கேட்டு வாங்குவதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். அவர் இன்று கொஞ்சம் வேறு மாதிரி பார்த்தால் என் பாட்டும் இன்று கொஞ்சம் மாறும். அந்தச் சின்ன மாற்றம் காட்சியைப் புதிதாக வைத்திருக்கிறது.

நடனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாலே, ஜாஸ், காலணியால் தாளம் தட்டி ஆடும் டேப் மூன்றும் உண்டு. சிறுவயதிலேயே ஆரம்பிக்காதவர்களும் கல்லூரியில் வந்து தேறியிருக்கிறார்கள். ஆடிஷனில் புதிய அடவு ஒன்றைச் சில நிமிடங்களில் கற்றுக்கொடுத்து, சின்னக் குழுக்களாக ஆடச் சொல்வார்கள். வேகமாகப் பிடித்துக்கொள்ளும் மூளையும், தப்பினாலும் முகம் மாறாமல் தொடரும் தைரியமும் அங்கே எடுபடும். இரண்டும் பழக்கத்தில் வருபவை. சுரக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடுவதும், பியானோவில் தன் பகுதியைத் தானே வாசித்துப் பார்ப்பதும் அதே போலத்தான். அலுப்பான வகுப்புகள், வாழ்நாள் முழுக்கச் சோறு போடும்.

ஆடிஷன் கோப்பு கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஒவ்வொருவரிடமும் ஒரு ரிங் பைண்டர் இருக்கும். பழைய பாணி, புதிய பாணி, துள்ளலானது, மெதுவானது, நகைச்சுவை, பாப் என்று வகைக்கு ஒன்றிரண்டு பாடல்கள். தொழில் ஆடிஷனில் முழுப் பாட்டுக்கு இடமில்லை. 32 பார், அதாவது 32 தாளச் சுற்று கேட்பார்கள், கூட்டம் அதிகமென்றால் 16 பார். அது பாட்டுக்குத் தகுந்தபடி அரை நிமிடமோ கொஞ்சம் கூடுதலோ. அதற்குள் ஒரு ஆள் மனம் மாறுவதைக் காட்ட வேண்டும். பியானோ வாசிப்பவர் உங்களை அதற்கு முன் பார்த்ததில்லை, அந்தத் தாளையும் பார்த்ததில்லை. எனவே தாள்கள் இருபுறமும் அச்சாகி, விளக்கொளியில் பளபளக்காமல் இருக்க வேண்டும். எங்கே தொடங்குகிறது, எங்கிருந்து எங்கே தாவுகிறது, எங்கே முடிகிறது என்பது கண்ணை உறுத்தும்படி குறித்திருக்க வேண்டும். தாளின் கீழ் விளிம்பில் இடதுகைச் சுரங்கள் வெட்டுப்பட்டிருந்தால் அவர் என்ன செய்வார்? வேகத்தைச் சொல்ல விரலைச் சொடுக்கக் கூடாது. முதல் வரியை அவருக்கு மட்டும் கேட்கும்படி மெல்லப் பாடிக் காட்டினால் போதும், பிடித்துக்கொள்வார். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் பாட்டைக் கேட்பதற்கு முன்பே இந்த அரை நிமிட உரையாடலைக் கவனித்துவிடுகிறார்கள். இந்த ஆளோடு மாதக்கணக்கில் வேலை செய்ய முடியுமா என்பதற்கான பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

படிப்பு எனக்கு உண்மையில் கைகொடுத்தது ஸ்விங் வேலையில். குழுவில் யார் வராவிட்டாலும் அவர் இடத்தில் இறங்குகிறவர்தான் ஸ்விங். ஒவ்வொருவரின் அசைவுக்கும் டிராக் என்று பெயர். பல டிராக்குகள் ஒரே மண்டையில் இருக்க வேண்டும். மேடையின் முன் விளிம்பில் நடுவே பூஜ்யம், இரண்டு பக்கமும் எண்கள் ஏறிக்கொண்டே போகும். என் நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம். உதாரணமாக, குழுவில் இவள் வலப்பக்கம் நாலில் ஆரம்பிக்கிறாள், எட்டாவது எண்ணிக்கையில் சுற்றி இடப்பக்கம் ஆறுக்குப் போகிறாள், போகிற வழியில் நாற்காலியை எடுக்கிறாள், சேர்ந்து பாடும் இடத்தில் நடுக்குரல். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவளுக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருக்கும், குரலும் மேல்குரல். திரை ஏற அரைமணி நேரம் இருக்கும்போது ஒலிபெருக்கியில் அழைப்பு வரும். இன்று நீ இறங்குகிறாய், இந்த டிராக் என்று சில நாட்கள் அதற்குச் சற்று முன்புதான் தெரியும். சில நாட்கள் இடைவேளையில். மேடையில் யாருக்கும் மோதாமல், யார் கையையும் தவறவிடாமல், அந்த நாற்காலி சரியான எண்ணில் போய் நின்றால் அன்று இரவு நிம்மதியாகத் தூக்கம் வரும். பார்வையாளருக்கு நான் யாரென்றே தெரியாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அதுதான். திறமை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியாது. குறிப்பு எழுதும் பழக்கம், சேர்ந்திசையில் எந்தக் குரலையும் பிடிக்கும் காது, களைத்த உடம்பிலும் இடம் தப்பாத கால் எல்லாம் வகுப்பறையில் வந்தவை.

எல்லோரும் கல்லூரிக்குப் போயே ஆக வேண்டுமா என்றால், இல்லை. போகாமல் நேரே மேடையேறி நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாலும் யாரோ ஒரு குரல் ஆசிரியரும் ஒரு நடனக் கூடமும் பெரும்பாலும் இருக்கும். தனியாகச் சேர்த்துக்கொள்ள முடியாதது சக மாணவர்கள் கூட்டம். நாலு வருஷம் ஒரே அறையில் விழுந்து எழுந்தவர்கள்தான் பின்னால் வேலைக்கு ஆள் தேடும்போது ஒருவர் பெயரை ஒருவர் சொல்கிறார்கள்.

கடனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய கடன் வாங்கிப் பெயர்பெற்ற கல்லூரியில் படித்து வெளியே வருபவர், அதை அடைக்க இரண்டு வேலை பார்க்க வேண்டியிருந்தால் ஆடிஷனுக்கு எப்போது போவார்? பகலெல்லாம் வேறு வேலையில் நின்ற குரலோடு மாலையில் என்ன பாடுவார்? இந்தத் தொழிலில் ஆரம்ப ஆண்டுகளுக்குத் தேவை நேரம். கடன் அந்த நேரத்தைத் தின்றுவிடும். உதவித்தொகையோடு கிடைக்கும் பெயர் தெரியாத கல்லூரி, உதவித்தொகை இல்லாத பெரிய பெயரைவிட எவ்வளவோ மேல் என்று என்னிடம் வரும் எல்லாப் பெற்றோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இரண்டு வகைப் பட்டம் உண்டு. பிஎஃப்ஏ (நுண்கலை இளங்கலை) என்றால் பெரும்பகுதி மேடைப் பயிற்சி, காலை முதல் இரவு வரை அதே வேலை. பிஏ என்றால் மற்ற பாடங்களுக்கும் நிறைய இடம். வரலாறும் இலக்கியமும் பிடித்த பிள்ளைக்கு இரண்டாவது பொருந்தலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. பிரிட்டனின் நாடகப் பள்ளிகளில் பட்டப்படிப்பு வழக்கமாக மூன்று ஆண்டு. பல கல்லூரிகள் முதல் கட்டத்தில் வீடியோ கேட்கின்றன. வேறுபட்ட இரண்டு பாடல்கள், ஒரு தனிவசனம், கொஞ்சம் நடனம். தேறினால் நேரில் அழைப்பு. நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களில் பல கல்லூரிகள் ஒரே இடத்தில் கூடி ஆடிஷன் வைக்கும் பருவமும் உண்டு. கடைசி ஆண்டில் ஷோகேஸ் என்று முகவர்களும் நடிகர் தேர்வாளர்களும் வந்து பார்க்கும் நிகழ்ச்சி நடக்கும். அதை மட்டும் வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாலு வருஷத்தில் அது ஒரே ஒரு நாள்.

முதலாண்டோ இரண்டாமாண்டோ முடிந்ததும் ஒரு பகுதி மாணவர்களைக் கழித்து அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருந்திருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. விழுந்து எழக்கூடிய இடமாக வகுப்பறை இருந்தால்தான் பிள்ளை துணிந்து புதிதாக எதையாவது முயலும். துரத்தப்படுவோம் என்ற பயத்தில் ஏற்கெனவே தெரிந்ததையே மறுபடி மறுபடி காட்டிக்கொண்டிருக்கும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மூன்றாமாண்டு மாணவர் ஒருவரை ஆசிரியர் இல்லாத இடத்தில் பிடியுங்கள். சென்ற ஆண்டு நாடகங்களில் எத்தனை பேருக்கு வேஷம் கிடைத்தது, எப்போதும் அதே நாலு முகங்கள்தானா என்று கேளுங்கள். உங்கள் குரல் ஆசிரியரை வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாகச் சந்திக்கிறீர்கள் என்று கேளுங்கள். நாடகம் நடக்கிற வாரத்தில் முக்கிய வேஷக்காரருக்குக் குரல் அடைத்தால் என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். மாற்று நடிகருக்கென்று தனி ஒத்திகை வைத்து, அவரை மேடையேற்றி, முதலாமவரை மருத்துவரிடம் அனுப்பியதாக அந்த மாணவர் ஒரு சம்பவத்தைச் சொன்னால் தைரியமாக விண்ணப்பிக்கலாம். எப்படியோ சமாளித்துப் பாடிவிட்டாள் என்று பெருமையாகச் சொன்னால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.